டிரைவருக்கு ஒரு பிடி மண்

கணவனின் சட்டைப் பையிலிருந்து பஸ் சாவியை எடுக்க டிரைவரம்மாவுக்குக் கை வரவில்லை. பஸ் பதினொரு மாதத்துக்கு முன்பே குண்டு விழுந்து எரிந்துபோனது. சாவி மட்டும் அவரோடு கடலுக்கு வந்தது.

கரையில் சுட்டவர்களுக்குத் தப்பி, மகளையும் இழுத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் அவர்கள் நின்றபோது, யார் எவர் என்று கேட்காமல் தூக்கிவிட்டவர்கள் இந்தப் படகுக்காரர்கள். முப்பது படகுகளைக் கயிற்றால் பிணைத்து, அதையே ஊராக வைத்திருந்தார்கள். நெருக்கிப் படுத்துக்கொண்டு ஒரு படகைக் காலி செய்து கொடுத்தார்கள். பஸ்ஸே இல்லாத மனுஷனை வாய் நிறைய 'டிரைவர்' என்றார்கள். டிரைவரோ பதினொரு மாதத்தையும் வாந்தியும் வசவுமாகவே ஓட்டினார். "ஆடாத இடம் ஒரு சாண் இல்ல, இதெல்லாம் ஒரு ஊரா?"

நேற்றுச் சாயங்காலம், காய்ச்சலுக்கு நடுவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை வெறும் தண்ணியில போட்டுடாதடி. மேல மண்ணு விழணும்." சரி என்று தலையாட்டிவிட்டாள். விடியும்போது போய்விட்டார்.

மண்ணுக்கு எங்கே போவது? கரையில் இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. இங்கே இறந்தவர்களைக் கல் கட்டிக் கடலில் விடுவார்கள். மண் என்று இருப்பது படகுக்கு ஒரு டின், அதில் ஒரு மிளகாய்ச் செடி. சண்டைக்கு முன்னால் கரையிலிருந்து சுமந்து வந்த மண்.

"கேட்டுப் பாக்கலாம்மா," என்றாள் மகள்.

"வாயைத் திறக்காத. இருக்க இடம் குடுத்தவங்ககிட்ட இன்னும் என்னத்தக் கேக்குறது?"

அப்போது பக்கத்துப் படகுக்காரி தன் டின்னோடு வந்து நின்றாள். அதில் செடி இல்லை.

"என்னக்கா இது?"

"நேத்து அவர் சொன்னது எங்க காதுலயும் விழுந்துச்சு. நடுவுல ஒரு பலகைதான?"

"நான் கேக்கலயேக்கா..."

"நீ கேக்க மாட்டேன்னு தெரியும். அதான் எல்லார்கிட்டயும் நானே சொல்லிட்டேன்."

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக டின்னோடு வந்தார்கள். பக்கத்துப் படகுக்காரியின் புருஷன் ஓட்டைப் படகு ஒன்றை இழுத்து வந்தார். "டிரைவரை நடக்கவா விட முடியும்? ஓட்ட ஒரு வண்டி வேணும்ல?" என்றார். மகள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். டிரைவரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து வராத அழுகை அதோடு சேர்ந்து வந்தது.

படகில் அவரைக் கிடத்தி, கையில் சாவியை வைத்தாள். முதல் பிடி மண்ணை அவள் போட்டாள். பிறகு டின் டின்னாகக் கொட்டினார்கள். கடைசியாக வந்த கிழவர் தன் டின்னைத் தட்டித் தட்டி அடிமண்ணையும் உதிர்த்தார். மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கல்லை ஏற்றி, கயிற்றில் மெல்ல இறக்கினார்கள். அவள் கொடுத்த வாக்கை முப்பது படகும் சேர்ந்து காப்பாற்றிவிட்டன. பெற்றவர்கள்கூட இதற்குமேல் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில், ஒவ்வொரு படகிலும் மிளகாய்ச் செடி ஒரு டம்ளர் குடிதண்ணீரில் வேர் தெரிய நின்றது. மகள் கிழங்கு சீவிவிட்டு, தோலைக் கடலில் எறியப் போனாள்.

"எறியாத," என்று தடுத்தாள் டிரைவரம்மா. தோலையும் மீன் குடலையும் பக்கத்துப் படகுக்காரியின் காலி டின்னில் போட்டு, அடுப்புச் சாம்பலைத் தூவி மூடி வைத்தாள்.