அக்காவின் ஸ்கர்ட்டோடு சேர்த்துத் தைத்த படம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் சட்டைக்குப் பட்டன் தைக்கப் போய், சட்டையை மேசைவிரிப்போடு சேர்த்துத் தைத்துவிட்டேன். அந்த அசட்டுத்தனத்தை வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாமென்று தேடியபோது அகப்பட்டவள்தான் இந்த ஓவியர். பாவம், அவளுக்கும் எனக்கும் முன்பகை ஒன்றும் கிடையாது.

முதல் தொடக்கம்: கனவுக்கும் நூலுக்கும் நடுவே ஓர் ஊசி...

(வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே படிக்கமாட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: அவள் கான்வாஸ் துணியை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள்.

இது பரவாயில்லை.

2

அவள் படங்களில் பாதி பெயின்ட், பாதி துணி. இந்தப் படத்தில் ஊருக்கு மேலே ஒரு கட்டில் பறக்கிறது. வானம் பெயின்ட். கீழே கூரைகளெல்லாம் பழைய திரைச்சீலைத் துண்டுகள். கட்டிலில் வாயைத் திறந்து தூங்குகிற பெண்ணுக்குக் கம்பளி நூலில் தலைமுடி. அந்த முடியைத்தான் காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் தைத்தாள். அவள் படம் ஒன்று கண்காட்சிக்குத் தேர்வானது இதுதான் முதல் தடவை.

ஏற்றிப்போக வேன் வந்து வாசலில் ஹார்ன் அடித்தது. அவள் நெஞ்சு ஒரு பறவையைப் போல... (விடுங்கள்.) எழுந்தாள். படமும் கூடவே எழுந்தது.

முடி தைத்த நூல் மொத்தமும் படத்தைத் துளைத்து, அவள் உடுத்தியிருந்த ஸ்கர்ட்டிலும் இறங்கியிருந்தது.*

* ஸ்கர்ட் அக்காவுடையது. கேட்காமல் எடுத்தது. முன்பே சொல்லியிருப்பேன், என்னிடமே இப்போதுதான் சொன்னாள்.

3

அக்கா பல் டாக்டர். (முதலில் வக்கீலாக வைத்திருந்தேன். வாதாடியே கதையை முடித்துவிட்டாள், மாற்றிவிட்டேன்.) தங்கையின் ஒரு படத்தைக்கூட இதுவரை நின்று பார்த்தவள் இல்லை. தங்கைக்கு அதில் ரொம்ப வருத்தம்.

"என் ஸ்கர்ட்டா அது?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"மீதி படத்துல இருக்கு."

"சாயங்காலம் நான் அதைத்தான் போட்டுட்டுப் போகணும். கழட்டு!"

"கழட்டினா படமும் சேர்ந்து வருதுக்கா."

வேன் டிரைவர் எட்டிப் பார்த்தார். "படத்தை மட்டும் ஏத்தணுமா மேடம், உங்களையும் சேர்த்தா?"

4

முடிவு அ: ஸ்கர்ட்டை வெட்டுவது. படம் பிழைக்கும். தங்கை பிழைப்பது சந்தேகம்.

முடிவு ஆ: முடியை வெட்டுவது. ஸ்கர்ட் பிழைக்கும். கட்டில்காரி மொட்டைத் தலையோடு கண்காட்சிக்குப் போவாள். நடுவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

முடிவு இ: தங்கையையும் சேர்த்துச் சுவரில் மாட்டுவது. (டிரைவருக்குப் பிடித்திருந்தது.)

5

அக்கா கத்தரிக்கோலோடு தங்கையின் முழங்காலருகே உட்கார்ந்தாள். தையல் எங்கே என்று தேட, மூக்கு படத்தில் இடிக்கிற அளவு குனிந்தாள். வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்தாள்.

"யாரு இவ, இப்படி வாயைப் பொளந்துட்டுத் தூங்குறா?"

"யாரோ."

"அப்போ மொட்டையடிச்சா ஒண்ணும் மோசமில்ல."

யாரோ இல்லை. அக்காதான். நாள் முழுக்க நின்று பல் பிடுங்கிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்து தூங்குகிறவளைப் பார்த்துப் பார்த்து வரைந்தது. நடக்காமல் எங்காவது போய்வரட்டும் என்றுதான் கட்டிலைப் பறக்கவிட்டாள். இதை வாய்விட்டுச் சொல்லத் தங்கைக்கு வெட்கம். சொல்லக்கூடாதென்று என்னிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

உங்களிடம் வாங்கவில்லை.

அக்காவிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். முதல் நூலுக்கு அடியில் கத்தரியை நுழைத்துவிட்டாள்.