பூமி பிடிகொடுக்கவில்லை

கோளரங்கத்துப் புரொஜெக்டர் மக்கர் பண்ணிவிட்டது. டிக்கெட் விற்றாயிற்று, கூட்டமும் வந்து உட்கார்ந்தாயிற்று. "சூரியன் சாகற கதையை நாமளே நடிச்சுக் காட்டிடலாம்" என்று மேலாளர் கிளம்பிவிட்டார். அந்த மனுஷனுக்கு எப்போதுமே இப்படித்தான், கோணல் யோசனை!

சூரியன் வேஷம் எலக்ட்ரீஷியனுக்கு. ஆளும் அதற்கேற்ற பருமன். காற்றடித்தால் ஊதும் செம்மஞ்சள் உடை ஒன்று விளம்பரத்துக்கென்று கிடந்தது. அதை மாட்டிவிட்டு, முதுகில் காற்று மோட்டாரைச் செருகி, வயரைச் சுவரில் சொருகினார்கள். புதனும் வெள்ளியும் இரண்டு காவலாளிகள். பூமி, எலக்ட்ரீஷியனின் சம்சாரம்; டிக்கெட் கவுண்டரில் உட்காருபவள்.

அங்கேதான் வம்பு. தலைமை எலக்ட்ரீஷியன் பதவியோடு வேறு ஊருக்கு மாற்றல் என்றதும், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். "அடுத்த மாசம் கிளம்பறோம், மூட்டை கட்டு" என்று உத்தரவு வேறு. அன்றிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. கூட வருவாளா மாட்டாளா என்பதே மனுஷனுக்குப் பிடிபடவில்லை.

கோளரங்கத்து விஞ்ஞானி அம்மா கதை சொல்ல மைக்கைப் பிடித்தார். "பல நூறு கோடி வருஷம் கழிச்சு, எரிபொருள் தீரத் தீர சூரியன் வீங்கும். பக்கத்துல இருக்கறதை விழுங்கும்."

மோட்டார் உறுமியது. எலக்ட்ரீஷியன் பூதமாக ஊதி, காவலாளிகள் இருவரையும் வயிற்றுக்கடியில் அமுக்கினார். கூட்டம் கைதட்டியது. அடுத்து பூமி. இவர் நெருங்க நெருங்க அவள் நழுவினாள்.

"நில்லேன்! கதைப்படி உன்னை விழுங்கணும்" என்று கிசுகிசுத்தார்.

"அதான் ஏற்கெனவே விழுங்கிட்டீங்களே."

அட, பேசிவிட்டாளே! சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவருக்குப் புரியவில்லை.

"பூமியோட கதிதான் நிச்சயமில்லை" என்றார் விஞ்ஞானி அம்மா. "சூரியன் தன் உடம்பையே ஊதி ஊதி வெளியே விடுது. எடை குறையுது, பிடி தளருது. பூமி தள்ளிப் போய்த் தப்பிச்சாலும் தப்பிக்கலாம்."

"கேட்டீங்களா? படிச்சவங்களே சொல்றாங்க" என்று அவள் கதவுப் பக்கம் ஒதுங்கினாள்.

எட்டிப் பிடிக்கப் பாய்ந்தார். வயர் பிடுங்கிக்கொண்டது. புஸ்ஸென்று காற்று போய் உடை காலடியில் சரிய, வெள்ளை பனியனோடு வியர்த்து நின்றார் சூரியன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

விஞ்ஞானி அம்மா அப்போதும் விடவில்லை. "கடைசியில மிஞ்சறது இப்படியொரு சின்ன வெண்குள்ளன் நட்சத்திரம்தான். தப்பிச்ச கோள்கள்ல சிலது தூரத்துலேர்ந்து அதையே சுத்தும். சிலது விட்டுட்டே போயிடும்."

கடைசி வார்த்தை எலக்ட்ரீஷியனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் கை கதவில் இருந்தது. மானம் போனால் போகிறது என்று, அத்தனை பேர் நடுவிலும் கேட்டேவிட்டார்:

"அந்த ஊருக்குப் போகலாமாம்மா? வேண்டாம்னா சொல்லு, இப்பவே முடியாதுன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இதைக் கேக்க உங்களுக்கு உசிரே போகணுமா?" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."

கதவை விட்டுவிட்டு, நன்றாகத் தள்ளி நின்று, அவரைச் சுற்ற ஆரம்பித்தாள்.