வெட்டுத் துண்டுகள்

மருந்துக்கடையில் புருஷனும் பெண்டாட்டியும் இருவர்தான். நாலு மாத்திரை கேட்டால் அட்டையில் நாலை வெட்டிக் கொடுப்பார்கள். தேதி அச்சான முனை அதோடு போய்விட்டால் மிச்சத்தை எவன் வாங்குவான்? அந்தத் துண்டுகளெல்லாம் மேசைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பாவில் விழும். வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அந்த டப்பாதான் ஆஸ்பத்திரி. தெருவே புருஷனை டாக்டர் என்று கூப்பிட்டது. முதலில் கிண்டலாகத்தான், போகப்போக அவரும் அதற்கு மட்டுமே திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

மேல்தட்டுச் சரக்கை எடுக்க ஏணி ஏறி இறங்கியவர், நெஞ்சைத் தடவிக்கொண்டே டப்பாவைத் துழாவினார்.

"மறுபடியும் எரியுதா?" என்றாள் அவள்.

"உன் கைப்பக்குவம் அப்படி."

"காலைலேருந்து பச்சைத் தண்ணிதான் குடிச்சிருக்கீங்க. என் சமையலை ஏன் இழுக்குறீங்க? ஏறினா எரியுது, உக்காந்தா அடங்குது. ஏணி ஏறுற வாயுவை இப்பத்தான் கேள்விப்படுறேன்."

"எனக்கே வைத்தியம் சொல்றியா?" சிரித்தபடி மாத்திரையைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்தார். எரிச்சல் அடங்கியது. நல்ல பேர் மாத்திரைக்குத்தான் போனது.

அந்த வாரமே எதிர்ப் பட்டறை வெல்டர் வந்தான்.

"டாக்டரண்ணே, நெஞ்சு கரிக்குது. ரெண்டு மாத்திரை வெட்டுங்க."

"எப்பக் கரிக்குது? சாப்பிட்டதுக்கு அப்புறமா, வேலை செய்றப்பவா?"

"சிலிண்டரை உருட்டுறப்ப. தாடை வரைக்கும் இழுக்குது. குளிச்ச மாதிரி வேர்க்குது."

"மாத்திரை கிடையாது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. இங்க நின்னு வாயாடாதே." கையைப் பிடித்து இழுத்துப் போய் ஆட்டோவில் ஏற்றியும் விட்டார்.

திரும்பி வந்தவரை அவள் விடவில்லை. "அவனுக்கு ஒரு நெஞ்சு, உங்களுக்கு ஒரு நெஞ்சா? அதே ஆட்டோவுல நீங்களும் ஏறியிருக்கலாம்."

"டாக்டரே போய் வரிசையில நின்னா தெரு சிரிக்காதா? சரக்கு வந்து இறங்கட்டும், போவோம்."

மறுநாள் சரக்கு வந்தது. ஏணியில் பாதி ஏறியவர் இறங்கிக் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, சட்டை நனைந்திருந்தது.

"கை கனக்குதுடி. அந்த டப்பாவ எடு."

அவள் எடுக்கவில்லை. ஆட்டோவுக்கு ஓடினாள். வந்து பார்த்தபோது டப்பா கவிழ்ந்து கிடந்தது. அவரே எட்டி எடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு, அவர் உதட்டோரம் கரையாமல் ஒட்டியிருந்த வெள்ளை மாவை முந்தானையால் துடைத்தாள்.

சில மாதம் கழித்து வெல்டர் வந்தான். உடம்பு தேறி, கன்னம்கூட உப்பியிருந்தது.

"அண்ணி, அன்னிக்கு அண்ணன் மாத்திரையைக் குடுத்திருந்தார்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்."

"தெரியும். பக்கத்துலதான் நின்னேன்."

அவன் மருந்துச்சீட்டை நீட்டினான். "இப்போதைக்கு நாலு மட்டும் வெட்டுங்க."

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவள் திரும்ப வைத்தாள்.

"முழு அட்டையா வாங்கிக்கங்க. இங்க இப்ப வெட்டுறதில்ல."

"ஏன் அண்ணி? எல்லாருக்கும் வெட்டித்தானே குடுப்பீங்க?"

"மிச்சத்தைத் திங்க ஆள் இல்ல."