சாக்கு போடாத காந்தம்

பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்ததும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். கடலடியில் கிடைத்த இரும்பு உருண்டைகளாம், கடுகைவிடச் சின்னவை. வேறொரு நட்சத்திரத்திலிருந்து விழுந்தவை என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்களாம். அவற்றை இழுத்துவந்த காந்தச் சட்டத்தின் படமும் இருந்தது. இடது மூலையில் நான் தேய்த்த இடம் பளபளத்தது.

கப்பல் பட்டறையில் எனக்கு இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங் வேலை. பறக்கும் பொறி ஆறினால் உருண்டையாகிவிடும். காந்தத்தில் ஒட்டினால் லேசில் போகாது. அதனால் ஈரச் சாக்கால் காந்தத்தை மூடிவிட்டுத்தான் மெஷினைத் தொடுவோம். அந்தச் சட்டத்தைத் தேய்த்த அன்றைக்கு, ஆராய்ச்சிக் கப்பல் கிளம்பும் அவசரத்தில் நான் மூடவில்லை. பேப்பரில் வந்த உருண்டைகள் என் மெஷினில் பறந்த பொறிகளாகவும் இருக்கலாம்.

மேஸ்திரியிடம் சொன்னேன்.

"ஏம்ப்பா, உன்ன யாராவது கேட்டாங்களா? அத்தன படிச்சவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்! வாயத் திறந்த, நாளைக்கே கேட்டுக்கு வெளியதான் நிப்ப."

வீட்டுக்கு வந்தேன். மகள் அந்தப் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா செஞ்ச சட்டத்துலதான் நட்சத்திரம் ஒட்டுச்சுன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்பா. எல்லாரும் கைதட்டுனாங்க."

விஷயத்தைச் சொன்னதும் மனைவி முறைத்தாள். "வேலைய விட்டுட்டு உட்கார்ந்து நட்சத்திரம் எண்ணப் போறீங்களா?"

மறுநாள் காலை மெஷினுக்கடியில் கிடந்த தூளைத் தீப்பெட்டியில் அள்ளிக்கொண்டு ஆராய்ச்சிக்காரர்களின் ஆபீசுக்குப் போனேன். வாசலிலேயே இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தேன். அந்த ஆராய்ச்சியை நடத்திய பெரிய விஞ்ஞானியம்மா நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. தூளை ஒரு தட்டில் கொட்டி மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

உதவியாளர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். "சூப்பர் மேடம்! இவ்வளவு அழகான உருண்ட இதுவரைக்கும் வரல. எந்த இடத்துல எடுத்தது?"

"இவரு மெஷினுக்கு அடியில" என்றார் அந்த அம்மா.

உதவியாளர் என் செருப்பைப் பார்த்தார்.

அந்த அம்மா ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "மூடலங்கிறத உங்க கையாலயே எழுதிக் குடுங்கண்ணே. அப்பத்தான் நான் பேச முடியும்."

"என் வேலை போயிடும்மா."

"என் பேரும்தான்" என்றார். பேனா மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

'அன்று காந்தத்தின் மேல்' என்று எழுதும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. மேஸ்திரி. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, 'சாக்கு போடவில்லை' என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் போனை எடுத்தேன்.