பாலத்துக்குக் கீழே ஒரு அண்டா

மருதோடையைத் தூர்வாரும் தீர்மானம் பேரூராட்சிக் கூட்டத்தில் நிறைவேறியபோது எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கீழத்தெரு வார்டு மெம்பர் சகாயராணி மட்டும் தட்டவில்லை. எஸ்டிமேட்டின்படி ஓடை மேலத்தெருவில் தொடங்கிப் பாலம் வரை வந்து, அங்கேயே முடிந்துவிட்டது. இந்த விஷயம் ஓடைக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பாலத்தைத் தாண்டி, கீழத்தெருவையும் ஒட்டிக்கொண்டுதான் போய்க்கொண்டிருந்தது.

"தலைவரே, பாலத்துக்குக் கீழ பூராம் சீமைக்கருவேலம் அடைச்சுக் கெடக்கு. மேல மட்டும் சுத்தம் பண்ணுனா அம்புட்டுத் தண்ணியும் வேகமா வந்து எங்க வீட்டுக்குள்ளதான் ஏறும்" என்றாள்.

"அது அடுத்த கட்டம்மா" என்றார் தலைவர் மொக்கைச்சாமி.

கீழத்தெருவின் கோரிக்கைகள் எல்லாம் போய்ப் படுத்துக்கொள்ளும் இடம் அந்த அடுத்த கட்டம்தான். ஐப்பசி மழைக்கு அங்கே கட்டில்மேல் அடுப்பை ஏற்றிச் சமைப்பது வழக்கமாகிவிட்டது. போன மழையில் சகாயராணியின் மாமியார் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி விடிய விடிய இருந்தார். இந்த வருஷம் பாலம் வரை வாரிவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மாவட்ட நிர்வாகம் ஒரு நாளைக்கு ஜேசிபி கொடுத்திருந்தது. மீதி வேலை மக்கள் சேவை. மக்கள் சேவை என்றால் மொக்கைச்சாமிக்கு ஒரு பழைய வயிற்றெரிச்சல் உண்டு. போன தடவை மரக்கன்று நடும் விழாவில் பிரியாணியைச் சீக்கிரமே திறந்துவிட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் மக்கள் மாயமானார்கள், கன்றுகள் மட்டும்தான் மிச்சம். அதனால் இந்த முறை மைக்கிலேயே கறாராக அறிவித்தார்.

"வேலை எங்க முடியுதோ அங்கதான் அண்டாவத் திறக்கணும். அதுக்கு முன்னாடி யாரும் தட்டத் தூக்கக் கூடாது!"

சாப்பாட்டுப் பொறுப்பைச் சகாயராணியிடம் தள்ளினார். சாப்பாடு என்றால் அது பெண் மெம்பர் வேலைதானே. வேறு நாளாக இருந்தால் இதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும். அன்று அவள், "சரிங்க தலைவரே" என்று பவ்யமாகச் சொன்னாள். அந்தப் பவ்யத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

சமையல் மாஸ்டர் அப்துல் ஜப்பாரை அவள் நேரே கீழத்தெருக் கடைசிக்குக் கூட்டிப்போனாள். அங்கே சிலுவை நட்ட குருசடிக்கு முன்னால் ஒரு பொட்டல் இருந்தது. "பாய், அடுப்ப இங்க போட்டுக்கிருங்க."

ஜப்பார் இடத்தைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், அவளையும் பார்த்தார். முப்பது வருஷமாக ஊர் விசேஷங்களில் கரண்டி பிடித்தவர். "புரியுதும்மா" என்றார். உடனே அடுப்புக்குக் கல் அடுக்க ஆரம்பித்தார்.

வேலை மளமளவென்று நடந்தது. கல்லூரிப் பிள்ளைகள், மகளிர் குழு, மேலத்தெரு இளைஞர் மன்றம் என்று எல்லோரும் சேற்றில் இறங்கியிருந்தார்கள். உச்சிவெயிலுக்குப் பாலம் வந்துவிட்டது. மொக்கைச்சாமி போட்டோவுக்கு ஒரு கூடை மண்ணைத் தூக்கி, அதே மண்ணை அதே இடத்தில் கொட்டிவிட்டு, "முடிஞ்சுதப்பா! அண்டா எங்க?" என்றார்.

பதிலைக் காற்று சொன்னது. சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் புதினாவுமாகக் கலந்து பாலத்துக்குக் கீழேயிருந்து வாசம் வந்தது. கூப்பிடு தூரம்தான். ஆனால் மேலத்தெருக்காரர்கள் அந்தத் தூரத்தைத் தாண்டி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. காரணம் சாதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தாகம் இல்லை என்பார்கள்.

"அண்டாவ இங்க தூக்கிட்டு வரச் சொல்லு" என்றார் தலைவர்.

ஜப்பார் போனிலேயே பதறினார். "தலைவரே, தம்முல இருக்கு! இப்பத் தூக்கிக் குலுக்குனா அரிசி ஒடஞ்சு பொங்கலாப் போயிரும். அந்தப் பாவத்த நான் செய்ய மாட்டேன்."

திண்டுக்கல் பக்கத்தில் தம்மில் இருக்கும் அண்டாவை அசைக்கச் சொல்லும் துணிச்சல் எவருக்கும் கிடையாது. சேற்றில் நின்ற அத்தனை பேரும் தலைவரை முறைத்தார்கள்.

"அப்ப நம்மளே போயிச் சாப்பிடுவோம்" என்று இளைஞர் மன்றத்தில் ஒரு குரல் கேட்டது. பசி வந்ததும் தாகம் இல்லாதவர்களுக்குக்கூட மனம் இளகியிருந்தது.

"அதெப்புடி?" என்றாள் சகாயராணி. "வேலை முடியுற எடத்துலதான் அண்டாவத் திறக்கணும்னு தலைவரே மைக்குல சொன்னாரு. அவரு பேச்ச நம்ம மீறலாமா?"

"எஸ்டிமேட்டு பாலத்தோட முடியுதும்மா..." என்று மொக்கைச்சாமி ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. ஜேசிபி டிரைவர் விக்னேஷ்குமார் காலையிலிருந்து ஒரு டீயோடு இருந்தவன். "எஸ்டிமேட்ட நீங்க சாப்பிடுங்கண்ணே, நான் பிரியாணிக்குப் போறேன்" என்று வண்டியை ஓடைக்குள்ளேயே கீழே இறக்கிவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான சமூக சேவை. காலை முழுக்க இல்லாத வேகம் எல்லோருக்கும் வந்தது. சீமைக்கருவேலம் வேரோடு பெயர்ந்தது. கீழத்தெரு ஆட்களும் அரிவாளோடு இறங்க, மேலத்தெருப் பையன்கள் மறுமுனையைப் பிடித்து இழுத்தார்கள். குருசடி வந்தது. தேங்கிக் கிடந்த கறுப்புத் தண்ணீர் சலசலவென்று ஓடியது.

ஜப்பார் தம்மை உடைத்தார். தெருவிலேயே பாய் விரித்தார்கள். எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள். மொக்கைச்சாமி மட்டும் காரோரமாகவே நின்றார்.

"எனக்கொரு பார்சல் கட்டச் சொல்லும்மா. வீட்டுல போயிச் சாப்புட்டுக்கிறேன்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் குரலை உயர்த்தாமல் இலையைத் தானே கொண்டுபோய்ப் பாயில் விரித்தாள்.

"தலைவரே, உங்க தெருத் தண்ணி வருஷா வருஷம் எங்க வீட்டு நடுக்கூடத்துல வந்து உக்காந்துட்டுத்தான் போகுது. ஒரு நாளும் நாங்க பார்சல் கட்டி அனுப்பல. நீங்க செத்த நேரம் வாசல்ல உக்காரக் கூடாதா?"

மொக்கைச்சாமி காரைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த சகாயராணியின் மாமியார் அவருக்கு இடம்விட்டு நகர்ந்து, தன் சொம்பை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

அவர் அதை எடுத்துக் குடித்தார். நல்ல தாகம்போல.