கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

1969இல், சந்திரனுக்குப் போனவர்கள் பூமிக்குத் திரும்பிய அதே வாரத்தில்தான் என் அப்பா ஹியூபேட்டும் பம்பாயிலிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தார். அவர் கப்பலில் சமையற்காரர். அம்மா ஐறீன் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பனியில் டைப்பிஸ்ட். கொட்டாஞ்சேனை மாதா கோவில் பூசையில் இருவருக்கும் கலியாண ஓலை வாசித்து அறிவித்து, நாளும் குறித்தாயிற்று.

கப்பலில் ஒருவனுக்குப் பெரியம்மை என்று சந்தேகம். வந்த எல்லாரையும் ஊருக்குள் விடாமல் ஒரு தனிமை விடுதியில் அடைத்துவிட்டார்கள்.

சந்திரனுக்குப் போனவர்களையும் அப்படித்தான் அடைத்திருந்தார்கள், அங்கேயிருந்து ஏதும் கிருமி பூமிக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில். கண்ணாடிக்குப் பின்னால் அவர்கள் நிற்கும் படம் பேப்பரில் வந்தது. அந்தப் பேப்பரோடு அம்மா விடுதி டொக்டர் சிவபாதசுந்தரத்திடம் போனார்.

"சந்திரனிலயிருந்து வந்தவையையே பெண்சாதிமார் கண்ணாடியால பாக்கினம். பம்பாயிலயிருந்து வந்தவரை நான் பாக்கக்கூடாதோ, டொக்டர்?"

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி பிள்ளை, பாரும். ஆனால் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேக்கக்கூடாது."

அப்பா சவரம் செய்யாத முகத்தோடு வந்து நின்றார். கத்தினால்தான் கேட்கும். யோசித்து வைத்த கதையெல்லாம் மறந்துபோய், அம்மா பேப்பரைக் கண்ணாடியில் விரித்துப் பிடித்தார். அப்பா முழுவதையும் வாசித்தார்.

"அங்கயிருந்து வாறதுக்கு இவ்வளவு காவல். இவை அங்க கொண்டுபோய் விட்டதை ஆர் பாக்கிறது? எங்கட தும்மலும் தடிமனும் அங்க போயிருக்குமே!"

"கலியாணம் நிக்குது, நீங்கள் சந்திரனுக்குத் தடிமன் வருமெண்டு கவலைப்படுறீங்கள்!"

அப்பா சிரிக்கவில்லை. "கப்பல்ல அந்த அம்மை வந்தவனுக்குக் கஞ்சி பருக்கினது நான்தான், ஐறீன். இப்ப கதவைத் திறந்துவிட்டாலும் நான் வரமாட்டன்."

பெரியவர்கள் பேசிச் செய்த சம்பந்தம் அது. அன்றைக்குத்தான் அந்த மனிதரை அம்மாவுக்குப் பிடித்துப்போனது. நேரே கோவில் பங்குச் சுவாமியிடம் போய்க் கலியாண நாளைத் தள்ளிவைக்கச் சொன்னார்.

கடைசியில் அது பெரியம்மை இல்லை, கொப்புளிப்பான் என்கிற வெறும் சின்னம்மை. அப்பாவுக்கும் வந்து மாறியது. முகத்தில் மறையாத தழும்புகளோடு அவர் கலியாணத்தன்று கோவில் வாசலில் நிற்கும் படம் எங்களிடம் இருக்கிறது.

பிறகு அவர் விண்வெளிச் செய்தி ஒன்றையும் தவறவிட்டதில்லை. செவ்வாய்க்கு அனுப்பும் கலத்தை, எங்கள் கிருமி அங்கே போகாதபடி பாண் சுடும் போறணையில் வைத்ததுபோலச் சூடாக்கினார்கள் என்று வாசித்த அன்று, பக்கத்து வீட்டுக்காரரையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்.

இப்போது அப்பா இல்லை. வெள்ளவத்தை ஃபிளாட்டில் அம்மா இந்தக் கதையைத் தொடங்கினால் நானும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். கடற்கரை ரயில் வந்தால் நிறுத்துவார். அது தெஹிவளைப் பக்கம் போய் மறைந்ததும், விட்ட இடத்திலிருந்து சொல்வார்.