ஸ்டோர் கதவில் ஒட்டிய அறிவிப்பு

லோகேஸ்வரன் என் வீட்டு வாசலில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மறைப்பானேன், அந்த நாளுக்குத்தான் நான் காத்துக் கிடந்தேன்.

அவன் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் தலைவன். லோரி வைத்துச் செம்பனைக் குலை ஏற்றிச் சம்பாதித்தவன். நான் கண்மணி. இந்த வருடத் தேர்தலில் பெண்களெல்லாம் சேர்ந்து ஜெயிக்கவைத்த செயலாளர். எங்கள் கோயிலில் புது வரி போடுவதானாலும் செலவு செய்வதானாலும் முதலில் செயலாளர் கையெழுத்தோடு அறிவிப்பு ஒட்ட வேண்டும். இரண்டு வாரம் சனங்கள் படித்து, ஆட்சேபம் இருந்தால் சொல்லி, அதற்குப் பிறகுதான் கூட்டமும் ஓட்டும்.

போன வருடம் இவன் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியை மூன்று மடங்காக்கினான். கெடுவுக்குள் கட்டாதவர்களுக்குத் திருவிழாவில் உபயம் கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டான். அந்த அறிவிப்பை எங்கே ஒட்டினான் தெரியுமா? மேளத்தையும் அண்டாவையும் போட்டுப் பூட்டிவைக்கிற ஸ்டோர் கதவின் உள்பக்கத்தில். இரண்டு வாரம் கழித்து அவனுடைய ஆட்கள் மட்டும் கூடிக் கையைத் தூக்கினார்கள். முறைப்படி எல்லாம் நடந்துவிட்டதாம்.

மூன்றாம் நாள் உபயம் என் மாமனார் காலத்திலிருந்து எங்களுடையது. அன்றைய பூசையும் அம்மனுக்குச் சேலையும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். என் வீட்டுக்காரர் ரெங்கசாமி அப்போது டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். அந்த உடம்போடு சேலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவரை இவன் வாசலிலேயே நிறுத்தினான். கெடு முடிந்துவிட்டது, உங்கள் உபய நாளை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது, நோட்டீஸ் பார்க்கவில்லையா என்று கேட்டான். தட்டோடு அவர் திரும்பி வந்ததை ஊரே பார்த்தது.

அதற்கப்புறம் அவர் அதிக நாள் இருக்கவில்லை. படுக்கையில் கிடந்தபடி ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "எப்படி பாக்காம வுட்டேன் கண்மணி? தப்பு என்னோடதுதான்." தன்மேல்தான் பிழை என்று நம்பியே போய்ச் சேர்ந்தார். நான் செயலாளராகி, ஸ்டோர் சாவி கைக்கு வந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திய அன்றுதான் அந்தக் காகிதத்தைக் கண்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது புயல்காற்றில் கோயில் மண்டபத்தின் கூரை பறந்துவிட்டது. லோகேஸ்வரனின் மகள் நித்தியாவுக்கு அடுத்த வாரம் அங்கேதான் கல்யாணம். கெர்லிங் டவுன் வரைக்கும் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. இந்த அம்மன் முன்னால்தான் தாலி ஏற வேண்டும் என்பது அவன் பெண்சாதியின் வேண்டுதல். கூரையைச் சொந்தக் காசிலேயே போட்டுவிடுகிறேன் என்றான். ஆனால் சொந்தக் காசானாலும் தீர்மானம் இல்லாமல் கோயிலில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தவனே இவன்தான். டியூப் லைட்டில்கூட அடுத்தவன் பெயர் வந்துவிடக் கூடாதே.

"அக்கா, பழைய தேதி போட்டு ஒட்டிரலாம்லா. யாருக்குத் தெரியப்போவுது?"

"வரி நோட்டீஸ எங்க ஒட்டுனீங்கன்னு வெள்ளிக்கிழமை பூசையில எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. பொறவு பேசுவோம்" என்றேன். அதற்குமேல் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

சொன்னான். தீபாராதனை முடிந்ததும், குனிந்த தலை நிமிராமல், ஸ்டோர் கதவு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். பெண்கள் பக்கமிருந்து கலாவதி எழுந்து வந்து அவன் காலடியில் காறித் துப்பினாள். அவனோடு கை தூக்கிய ஆட்கள் மெல்ல நழுவினார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது.

நான் எழுந்துபோய்க் கூரைச் செலவுக்கான அறிவிப்பை முன்வாசல் பலகையில் ஒட்டினேன். அன்றைய தேதிதான் போட்டிருந்தேன். கூட்டம் இரண்டு வாரம் கழித்து. நித்தியா என்ன பாவம் செய்தாள் என்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. கோலா சிலாங்கூரில் மண்டபத்துக்கா பஞ்சம்? வேண்டுதலுக்கு அவள் அப்பன் பதில் சொல்லட்டும்.

லோகேஸ்வரன் தேதியைப் படித்தான். முகம் செத்துப்போனது.

"அக்கா, நீங்க சொன்னபடி சொல்லிட்டேனே. எல்லாரும் கேட்டாங்கதானே?"

"எல்லாரும் கேட்டாங்க தம்பி. கேக்க வேண்டியவரு கேக்கலையே."

காகிதத்தின் நான்கு மூலையிலும் டேப்பை அழுத்தித் தேய்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.